நான்கே தடங்கள்

நம் பங்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உபதேசியாராகப் பணியாற்றிய பெரியவர் ஒருவர், தாமே எழுதி மெட்டமைத்த மாதா பாடல் ஒன்றை ஒலிப்பதிவாகக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் அப்பொறுப்பை ஏற்றார். வீட்டில் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு மைக். இன்று இவை போதும். ஓராண்டு கழிந்தது, பாடல் முடியவில்லை. ஒருநாள் நாமே அவ்வீட்டிற்குச் சென்று பார்த்தோம். கணினித் திரையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வரிசைகள் வண்ண வண்ணமாக ஓடிக்கொண்டிருந்தன. புல்லாங்குழலுக்கு மட்டும் பதினொரு வடிவங்கள். "எது நல்லாயிருக்குன்னு முடிவு பண்ண முடியல ஃபாதர். அதனால எல்லாத்தையும் வச்சிருக்கேன்" என்றார் அவர்.

உபதேசியார் சென்ற ஆகஸ்டில் இறைவனடி சேர்ந்தார். பாடல் இன்னும் முடியவில்லை.

அந்த இளைஞரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அவர் சோம்பேறியல்லர், இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து உழைத்தவர். ஆயினும் அன்று வீடு திரும்பும் வழியில் நம்மை ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்தது. இத்தனை வசதியில்லாத நாளில், வீட்டிலேயே இசையைப் பதிவு செய்தவர்கள் எப்படி முடித்தார்கள்? அதைத் தேடிப் படித்தபோது கிடைத்தவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாற்பது பேர் பாடுவதை ஒரே மைக்கில் பதிவு செய்தால், அன்று விழுந்தது விழுந்ததுதான். பின்னர் ஒரு குரலை மட்டும் தணிக்க இயலாது. மாறாக, ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனி வரிசையில் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, ஒன்றாகச் சேர்க்கலாம். அத்தனி வரிசைக்குத் தடம் என்று பெயர். ஒலிப்பதிவுக் கூடத்தினர் 'டிராக்' என்பார்கள். சேர்க்கும் வேலைதான் 'மிக்ஸிங்'.

தடம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அதற்கு ஏங்கியவர் லெஸ் பால். 1915-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாக்கேஷா நகரில் பிறந்த கித்தார் கலைஞர் அவர். பள்ளிப் படிப்பைக் காட்டிலும் ஸ்க்ரூ டிரைவரிடம் அதிக நம்பிக்கை வைத்தவர். 1940-களில் ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தைத் தாமே கட்டினார். அதன் தட்டு சீராகச் சுழல வேண்டுமென்பதற்காக அவர் பொருத்தியது காடிலாக் காரின் ஃபிளைவீல்.

அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் கொடியது. கித்தாரை வாசித்து ஒரு தட்டில் பதிவு செய்வார். அத்தட்டை ஒலிக்கவிட்டு, அதனோடு இரண்டாவது பகுதியை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் வெட்டுவார். பிறகு மூன்றாவது, நான்காவது என அடுக்கிக்கொண்டே போவார். எங்கேனும் ஒரு விரல் பிசகினால் அத்தட்டு குப்பைக்குத்தான். 1948-ல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட 'லவர்' என்ற இசைத்தட்டில் எட்டுக் கித்தார்கள் ஒலிக்கின்றன. எட்டும் ஒருவரே வாசித்தவை. அவற்றுள் சிலவற்றைப் பாதி வேகத்தில் பதிவு செய்து, முழு வேகத்தில் ஒலிக்கவிட்டு, மனிதக் கையால் இயலாத விரைவையும் உயர்ந்த சுருதியையும் உண்டாக்கினார். அந்த ஒரு பாட்டுக்காக வீணான தட்டுகள் நூற்றுக்கணக்கில்.

இம்முறையில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. நகலுக்கு நகல் எடுக்கும்போது ஒலி மங்கும். 1990-களில் குருமடத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு கேசட் போடும் டேப் ரெக்கார்டரில் ஒன்றிலிருந்து ஒன்றாக நாம் பாட்டுகளைப் பதிவெடுத்துப் பகிர்ந்துகொண்ட நாட்கள் அவை. முதல் நகல் நன்றாயிருக்கும். நகலிலிருந்து எடுத்த நகலிலிருந்து எடுத்த மூன்றாவது நகலில், பாடலுக்கு முன்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் வந்து நிற்கும்.

லெஸ் பால் இந்த மங்கலை ஒழிக்க இயலவில்லை. எனவே அதற்கேற்பத் தம் வேலையின் வரிசையை மாற்றினார். முதலில் பதிவாகும் பகுதியே மிகுதியான முறை நகலாகும். ஆதலின் அதுவே மிகுதியாக மங்கும். கடைசியில் பதிவாவது தெளிவாக நிற்கும். ஆகவே பாடலில் எது மிகக் குறைந்த முக்கியத்துவம் உடையதோ அதை முதலில் பதிவு செய்தார். எது காதில் முதலில் விழ வேண்டுமோ அதைக் கடைசிக்கு வைத்தார். கேட்பதற்கு எளிய தந்திரம் போலத் தோன்றும். ஆனால் இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதை முதல் ஒலியைப் பதிவு செய்யும் முன்னரே தீர்மானித்துவிட வேண்டும். பாடல் முழுவதும் மனத்தில் நிறைவு பெற்றாலன்றி முதல் வரியைத் தொடங்கவே இயலாது.

குருமட மலருக்காக ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்த அனுபவம் நமக்கு உண்டு. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஏற்றும் மெழுகுத்தாள் அது. பிழை விழுந்தால் சிவப்புத் திரவம் பூசி ஊதி உலர்த்தித் திருத்த வேண்டும். மூன்று திருத்தத்துக்கு மேல் தாள் தாங்காது. அந்த நாட்களில் நாம் எழுதிய வாக்கியங்கள் இன்று கணினியில் எழுதுபவற்றைவிடக் குறுகியவை. சிறந்தவை என்று சொல்லத் துணியவில்லை. முன்யோசனை உடையவை என்று மட்டும் சொல்லலாம்.

லெஸ் பாலின் கைக்கு ஒலிநாடா வந்த வழி தனிக்கதை. காந்த ஒலிநாடா இயந்திரத்தை 1930-களில் உருவாக்கியவர்கள் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் அத்தகைய இயந்திரங்கள் இரண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தாயகத்துக்கு அனுப்பி, அங்கே சேர்த்துக் கட்டினார். வாரந்தோறும் வானொலியில் நேரடியாகப் பாடி அலுத்துப்போயிருந்த பிங் கிராஸ்பி அதைக் கண்டு வியந்தார். ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் அத்தகைய இயந்திரங்களைச் செய்வதற்கு 50,000 டாலர் உதவினார். 1949-ல் அவர் ஆம்பெக்ஸ் இயந்திரம் ஒன்றைத் தம் நண்பர் லெஸ் பாலுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

நண்பர் அதை உள்ளபடியே விட்டுவைப்பவரா? நாடாவைப் படிக்கும் 'ஹெட்' ஒன்றைக் கூடுதலாக வாங்கி, நாடாவை அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால் பொருத்தினார். நாடா ஓடும்போது பழைய ஒலி முதலில் படிக்கப்படும். அடுத்த கணம் அழிக்கப்படும். படிக்கப்பட்ட ஒலியும் இப்போது வாசிக்கும் ஒலியும் சேர்ந்து அதே நாடாவில் மீண்டும் பதியும். இனி இரண்டு இயந்திரங்கள் வேண்டாம், ஒன்றே போதும். ஆனால் முன்பாவது பழைய தட்டு கையில் இருந்தது. இப்போது ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முந்தியதை அழித்துக்கொண்டே பதிகிறது. பன்னிரண்டாவது அடுக்கில் தும்மினால் முந்திய பதினொன்றும் போய்விடும்.

இப்படிப்பட்ட இயந்திரத்தில்தான், நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதிக் குடியிருப்பில், லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் 'ஹவ் ஹை த மூன்' என்ற பாடலைப் பதிவு செய்தார்கள். மேரி ஒருவரே தம் குரலோடு தாமே இணைந்து பல குரலாகப் பாடினார். மைக்கை வாயருகே வைத்துப் பாடும் முறையை அவர்கள் கைக்கொண்டதால், பாடகி நம் பக்கத்தில் அமர்ந்திருப்பது போன்ற நெருக்கம் அதில் உண்டு. 1951-ல் வெளியான அப்பாடல் ஒன்பது வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது.

பின்னர் 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம், லெஸ் பால் நெடுநாள் கனவு கண்ட எட்டுத் தட இயந்திரத்தைச் செய்து அவர் வீட்டில் கொண்டுவந்து இறக்கியது. எட்டுத் தடங்கள், தனித்தனியே, அழியாமல்! இனி எந்தப் பிழையையும் அதனதன் இடத்திலேயே திருத்தலாம். வரலாற்றின் விந்தை என்னவென்றால், அவ்விருவரின் புகழ்பெற்ற பாடல்கள் யாவும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. இதற்கு இயந்திரத்தைப் பழிப்பது நேர்மையாகாது. 'ராக் அண்டு ரோல்' வந்து மக்களின் செவியை மாற்றிவிட்டது. 1964-ல் அவர்கள் மணவாழ்வும் முறிந்தது. ஆயினும் அந்த எட்டுத் தட இயந்திரம் வரவிருந்த காலத்துக்கு வழி திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதன்பின் தடங்கள் பெருகின. பீட்டில்ஸ் குழுவினர் 1967-ல் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தொகுப்பை நான்கு தட இயந்திரங்களில்தான் பதிவு செய்தார்கள். நான்கு நிறைந்ததும் அவற்றை இன்னொரு நாடாவில் ஒன்றாக்கி இடம் உண்டாக்கினார்கள். 1970-களில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் 16, 24 என்று எண்ணிக்கை உயர்ந்தது. பால் மெக்கார்ட்னி 1970-ல் வெளியிட்ட முதல் தனித் தொகுப்பின் பெரும்பகுதியை லண்டனில் தம் வீட்டில், மிக்ஸிங் மேசைகூட இல்லாமல், நான்கு தட இயந்திரத்தில் பதிவு செய்தார். எனினும் பெரிய இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர அவர் பால் மெக்கார்ட்னியாக இருக்க வேண்டியிருந்தது. சாதாரண மனிதன் வீட்டுக்கு அது வந்தது நமக்கு நன்கு பழகிய ஒரு பொருளின் வழியாக: கேசட்.

ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியியலாளரின் குழு 1963-ல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டியை நாற்பதைக் கடந்த தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார். சிக்கிய நாடாவைப் பென்சிலைச் செருகிச் சுற்றியெடுத்த விரல்கள் நம்முடையவை. நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்நாடாவில் நான்கு தடங்கள் உண்டு. ஒரு பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் இரண்டு. 1979-ல் ஜப்பானின் டியாக் நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: கேசட்டைத் திருப்பவே வேண்டாம் என்று வைத்தால்? நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தலாமே! ஒலி தெளிவாக இருக்கட்டும் என்று நாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடங்களே பதியும். அதற்குள்ளேயே சிறு மிக்ஸிங் பகுதியையும் வைத்தார்கள். 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்று பெயர், மேசைமேல் வைக்கலாம்.

இவ்வியந்திரம் ஒன்று 1981-ஆம் ஆண்டின் இறுதியில் நியூஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் குடியிருந்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அவர் வறியவரல்லர், 'த ரிவர்' என்ற இரட்டைத் தொகுப்பு 1980-ல் பெருவெற்றி பெற்று, நீண்ட இசைப் பயணத்தை முடித்துத் திரும்பியிருந்தார். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து பாட்டை உருவாக்குவதில் மாதக்கணக்கில் காலமும் பணமும் கரைந்ததை அவர் கண்டிருந்தார். வீட்டிலேயே எழுதி, மாதிரிப் பதிவு செய்து, நல்லவற்றை மட்டும் தம் குழுவினருக்குக் கொடுக்கலாம் என்பதே திட்டம். ஏதேனும் மலிவான இயந்திரம் வாங்கி வருமாறு தம் கித்தார்களைப் பேணிய உதவியாளரிடம் சொன்னார்.

1982 ஜனவரி 3. ஒரு படுக்கையறை. இரண்டு மைக்குகள். கித்தாருக்கு ஒரு தடம், குரலுக்கு ஒரு தடம். மீதம் இரண்டு. அவ்விரண்டில் ஹார்மோனிகாவோ, இரண்டாவது குரலோ, டாம்பரினோ, மற்றொரு கித்தாரோ வரலாம்; எல்லாம் வர இயலாது. ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே கேள்வியாயிற்று. பாடல்களின் பொருளும் அதற்கு இசைந்தது. 1958-ல் நெப்ராஸ்காவில் நிகழ்ந்த தொடர் கொலைகளைச் செய்தவனின் வாக்குமூலம் ஒன்று. வேலையிழந்தவன் துப்பாக்கி எடுத்த கதை ஒன்று. குற்றவாளித் தம்பியை ஓடவிடும் காவலரான அண்ணன் கதை ஒன்று. ஃபிளானரி ஓ'கானர் என்ற கத்தோலிக்க எழுத்தாளரின் சிறுகதைகளை அக்காலத்தில் தாம் ஆழ்ந்து படித்ததாக ஸ்பிரிங்ஸ்டீன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அக்கதைகளை அறிந்தவர்கள் இப்பாடல்களின் இருளில் அவருடைய நிழலை எளிதில் கண்டுகொள்வார்கள். பாவத்தைப் பற்றி எழுதும்போது அலங்காரம் தேவையில்லை என்பதை அவ்வம்மையார் நன்கறிந்தவர்.

நான்கு தடங்களை ஒன்றாக்க மற்றோர் இயந்திரம் வேண்டுமல்லவா? வீட்டில் கிடந்த பழைய பானசோனிக் டேப் ரெக்கார்டர்தான் கிடைத்தது. ஒருமுறை ஆற்றுநீரில் விழுந்து செத்துப்போய், பிறகு தானாகவே உயிர்பெற்ற இயந்திரம் அது என்று சொல்லப்படுகிறது. எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக ஒலியை அதில் இறக்கினார்கள். விளைந்த கேசட்டை ஸ்பிரிங்ஸ்டீன் உறைகூட இல்லாமல் வாரக்கணக்கில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஏப்ரலில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் கூடத்தில் முழுக் குழுவும் கூடியது. சிறந்த கருவிகள், சிறந்த கலைஞர்கள். அந்தப் பாடல்களை வாசித்தார்கள், குறையின்றி வாசித்தார்கள். ஆயினும் கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று அங்கு வரவில்லை. தனியே கூடத்தில் பாடிப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. முடிவில், பையில் கிடந்த கேசட்டையே தொகுப்பாக வெளியிடுவது என்று தீர்மானித்தார்.

இங்கே நாம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எளிமையைப் புகழ்வோர் பெரும்பாலும் மறைத்துவிடும் உண்மை அது. எளிய கேசட்டை இசைத்தட்டாக்குவது எளிதாயில்லை. ஒலி தாழ்வாகப் பதிந்திருந்தது, இரைச்சல் மிகுந்திருந்தது, தட்டில் வெட்டினால் ஊசி சரியாக ஓடவில்லை. பல கூடங்களில் தேர்ந்த பொறியியலாளர்கள் பலர் முயன்று தோற்றார்கள். தட்டே வேண்டாம், கேசட்டாகவே வெளியிடலாமா என்றுகூட எண்ணினார்கள். படுக்கையறையில் பதிவான எளிமையைக் காப்பாற்ற மாதக்கணக்கில் உயர்ந்த தொழில்நுட்பம் தேவைப்பட்டது. பத்துப் பாடல்கள் கொண்ட 'நெப்ராஸ்கா' 1982 செப்டம்பர் 30 அன்று வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது.

மற்றோர் உண்மையும் உண்டு. அந்த ஜனவரியில் அதே படுக்கையறையில், அதே இயந்திரத்தில் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' என்ற பாடலும் பதிவாயிற்று. 1998-ல் அது வெளியிடப்பட்டதால் இன்று கேட்க முடிகிறது. வீட்டில் அது தன் உருவத்தைக் கண்டடையவில்லை. குழுவினரின் முரசோடு சேர்ந்தபோதுதான் எழுந்து நின்றது. 1984-ல் உலகெங்கும் ஒலித்தது. ஆக, நான்கு தடங்கள் சில பாடல்களுக்கு இல்லமாகவும் ஒரு பாடலுக்குச் சிறையாகவும் இருந்திருக்கின்றன. குழுவோடு சேர்ந்து வாசித்துக் கைவிட்ட நெப்ராஸ்காப் பதிவுகளும் 2025-ல் வெளிவந்துவிட்டன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். குழுவோடு வாசித்தவை மோசமானவை அல்ல. ஆனால் அவற்றில் அந்தக் கொலைகாரன் ஒரு கூட்டத்துக்கு முன்னால் பேசுகிறான். கேசட்டில் அவன் நம்மோடு தனியே இருக்கிறான்.

விரும்பி ஏற்ற வறுமையும் பிறப்போடு வந்த வறுமையும் ஒன்றல்ல என்பதைத் துறவற வார்த்தைப்பாடு பற்றி அறிந்த எவரும் அறிவர். ஸ்பிரிங்ஸ்டீன் பெரிய கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். லெஸ் பால் எல்லைகளை நேசித்தவரே அல்லர். வாழ்நாள் முழுதும் அவற்றை உடைத்தவர். முதுமையில் மூட்டுவாதம் அவர் விரல்களை முடக்கியபோதும், எஞ்சிய சில விரல்களுக்கேற்பக் கித்தாரைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, தொண்ணூறைக் கடந்தும் திங்கள்தோறும் நியூயார்க்கின் இசை விடுதி ஒன்றில் வாசித்தார், 2009-ல் மறைந்தார். அவரிடம் போய் 'எல்லை நல்லது' என்று உபதேசித்திருந்தால் சிரித்திருப்பார். எல்லை அவருக்குக் கொடுத்தது நன்மையன்று, கெடு. இந்த இடத்தில், இப்போதே தீர்மானி என்ற கட்டாயம்.

அந்தக் கெடுவைத்தான் கணினி எடுத்துவிட்டது. 1991-ல் வந்த புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும் தொடக்கத்தில் நான்கு தடங்களையே கொண்டிருந்தது என்பது வேடிக்கை. இன்று இலவசமாகக் கிடைப்பவற்றிலும் நூறு தடங்கள் உண்டு. எதையும் அழிக்க வேண்டாம், எதையும் மீட்கலாம், எனவே எதையும் முடிக்கவும் வேண்டாம். பதினொரு புல்லாங்குழல்களுள் பத்தை விலக்கும் துயரத்தை அந்த இளைஞர் ஓராண்டாகத் தள்ளிப்போட்டு வந்ததற்கு அவருடைய இயந்திரம் ஒருநாளும் தடை சொல்லவில்லை.

இக்கதைகளை அவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சற்றுத் தயங்கி, கைப்பேசியை எடுத்து ஒன்றை ஒலிக்கவிட்டார். உபதேசியார் அவருக்கு மெட்டுச் சொல்லிக் கொடுத்த முதல் நாள் பதிவு. கோவில் பொருளறையில் மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. வெளியே ஒரு சைக்கிள் மணி. இரண்டாம் அடியில் இருமல் வந்து நிறுத்துகிறார். "திரும்பவும் பாடுறேன் தம்பி, இதை விட்டுரு" என்கிறார். பாடுகிறார். சுருதி சற்றே இறங்குகிறது, குரலில் நடுக்கம். மூன்று முறை கேட்டோம்.

"இதை வச்சு, பக்கத்துல கித்தார் ஒண்ணு, பொம்பளப் பிள்ளைகள் குரல் ஒண்ணு. அவ்வளவுதான் ஃபாதர். சரியா வருமா?" என்று கேட்டார். நமக்கு இசை தெரியாது. அதனால் விடை சொல்லவில்லை. அந்த மின்விசிறிச் சத்தத்தை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டோம்.

"அதை எடுத்தா அவர் குரலும் கொஞ்சம் போயிடுது ஃபாதர்" என்றார்.